ஒரு பக்கட் உப்பும் நேர்முகப் பரீட்சையும்

நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தபோது என் வீட்டுக்காரர் முதலில் பார்த்தது சம்பளத்தை அல்ல, நேரத்தை. வெள்ளிக்கிழமை காலை பத்தரை. சுவரில் தொங்கிய கலண்டரை அவர் திரும்பிப் பார்த்தார், நானும் பார்த்தேன். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் ராகு காலம். கொழும்பில் உட்கார்ந்து கடிதம் அடித்தவர் வீட்டில் கலண்டர் இல்லை போலிருக்கிறது.

அவர் மொத்தக் கடையில் அரிசி மூட்டை தூக்கியவர். இடுப்பு எலும்பு விலகி மூன்று மாதமாகப் படுக்கையில் இருந்தார். இனிமேல் ஒரு தேங்காய்கூடத் தூக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கண்டி டவுனில் புதிதாகத் திறந்த சுப்பர் மார்க்கெட்டில் நாற்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் தேவை என்று விளம்பரம் வந்தது. எனக்கு அடுத்த மாதம் நாற்பத்தைந்து முடிகிறது. இந்த வேலை கைவிட்டுப் போனால், பள்ளிக்கூடத்தில் ஓ.எல். வரைக்கும் மட்டும் படித்த என்னை வேறு யார் கூப்பிடப்போகிறார்கள்?

"நேரம் சரியில்லாட்டி போற காரியம் வெளங்காது. யோசிச்சிப் போ," என்றார் அவர், படுத்தபடியே.

யோசித்தேன். கடைக்குள் காலடி வைக்கும் நேரம்தானே கணக்கு? பத்தரைக்கு முன்பே உள்ளே போய்விட்டால் காரியம் நல்ல நேரத்தில் ஆரம்பித்ததாகத்தானே அர்த்தம்? இதைப் பிள்ளையார் கோயில் ஐயரிடமும் கேட்டேன். அர்ச்சனை முடித்து, நாங்கள் தேசிக்காய் என்னும் எலுமிச்சம்பழம் ஒன்றைக் குங்குமம் வைத்துக் கையில் கொடுத்து, "அதெல்லாம் அவன் பாத்துக்குவான்" என்றார். யார் பார்த்துக்கொள்வார்கள், பிள்ளையாரா ராகுவா என்று கேட்பதற்குள் அடுத்த அர்ச்சனைச் சீட்டு வந்துவிட்டது.

பிலிமத்தலாவையிலிருந்து பஸ் பிடித்து வந்து, பத்து மணி பத்து நிமிடத்துக்கு வலது காலை வைத்துக் கடைக்குள் நுழைந்தேன். சும்மா நிற்கக் கூடாது என்று ஒரு கூடை எடுத்தேன். வெள்ளிக்கிழமையில் உப்பு வாங்குவது நல்லது என்பதால் ஒரு பக்கட் உப்பைக் கூடையில் போட்டேன். வாசலுக்கு எதிரே, வீதிக்கு அந்தப் பக்கம், கையில் ஃபைலோடு நாலைந்து பேர் நின்றது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவர்களும் பரீட்சைக்கு வந்தவர்கள்தான். தமிழும் சிங்களமுமாகக் கலந்து நின்று, ஒரே மாதிரி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பன்னிரண்டு அடித்த பிறகு வருவதாகத் தீர்மானித்துவிட்டார்கள் என்பது எனக்குப் பார்த்தவுடன் விளங்கியது. நான் அவர்களைவிடப் புத்திசாலி என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

பத்தரை ஆனது. மாடியில்தான் ஒஃபீஸ். படிக்கட்டின் அடியில் போய் நின்றபோதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கடைக்குள் நுழைந்தது நல்ல நேரம், சரி. ஆனால் ஒஃபீஸ் கதவு வேறு கதவு அல்லவா? அதற்குள் வைக்கும் காலடி தனிக் கணக்கா? வெளியே போய் ஐயரிடம் கேட்டு வரலாம் என்றால், திரும்ப உள்ளே வருவது ராகு காலத்தில் ஆகிவிடும். ஆகவே சவர்க்காரம் அடுக்கிய பக்கம் ஒரு சுற்று, பருப்புப் பக்கம் ஒரு சுற்று, திரும்பப் படிக்கட்டடி. தலைக்கு மேலே "நாங்கள் ஒரே குடும்பம்" என்று பெரிதாக எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்குக் கீழேயே ஒரு கெமராவும் தொங்கியது.

நாலாவது சுற்றில் செக்கியூரிட்டித் தம்பி வந்தார். பேச்சைக் கேட்டால் தேயிலைத் தோட்டப்பக்கத்துப் பிள்ளை என்று தெரிந்தது.

"அக்கா, ஒரு பக்கட் உப்ப வச்சிக்கிட்டு எத்தன சுத்துதான் சுத்துவீங்க? இது என்ன கோயில் பிரகாரமா?"

"இல்ல தம்பி, நான் இண்டர்வியூக்கு வந்தவ."

"இண்டர்வியூ மேல நடக்குது. நீங்க கீழ சுத்துறீங்க. பேக்க கொஞ்சம் தொறங்க பாப்பம்."

திறந்தேன். சேர்டிபிகேட், குடை, திருநீற்றுப் பொட்டலம், தேசிக்காய். இதே கடையின் வாசலில் தேசிக்காயைக் குவித்து வைத்து விற்கிறார்கள் என்பது அந்த நிமிடம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

"இதுக்கு பில் எங்கக்கா?"

"சாமி குடுத்ததுக்கு யாரு தம்பி பில் போடுவா?"

"அத மெனேஜர்கிட்ட சொல்லுங்க," என்று கூடையைத் தானே வாங்கிக்கொண்டு என்னை மாடிக்கு அழைத்துப்போனார். அப்போது பத்து ஐம்பது. ஒஃபீஸ் கதவுக்குள் எந்தக் காலை வைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் அந்தக் கிளையின் மெனேஜர். சிங்களவர், ஆனால் கண்டி டவுனில் வளர்ந்தவர், தமிழ் தண்ணீர் மாதிரி பேசுவார். மற்றவர் கழுத்துப் பட்டியோடு கொழும்பிலிருந்து வந்த பெரிய சேர். அவர் மெனேஜரைப் பார்த்து, "கண்டியில் யாருக்கும் வேலை தேவையில்லையா? ஒருவர்கூட வரவில்லையே" என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். மெனேஜர் மேசையில் இருந்த கடதாசிகளை நேராக்கினார். அவர் மணிக்கட்டில் பிக்குமார் ஓதிக் கட்டும் பிரித் நூல் இருந்தது. யாரும் வராததற்குக் காரணம் ராகு காலம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். சொன்னால் தன் வேலைக்கே ஆபத்து என்பதும் தெரியும்.

செக்கியூரிட்டித் தம்பி தேசிக்காயை மேசை நடுவில் வைத்தார். பில் இல்லாத சாமான் பிடிபட்டால் ஒரு ஃபோம் நிரப்ப வேண்டுமாம். பெரிய சேர் உடனே ஃபோமை எடுத்து, சாமானின் பெயர், நிறை என்று வாசிக்கத் தொடங்கினார். ஒரு தேசிக்காயின் நிறையை எடுக்கத் தராசு தேடி ஆள் அனுப்பும் நிலைமை வந்துவிட்டது.

எனக்கு அழுகை முட்டியது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "சேர், நீங்க குங்குமம் வச்சா தேசிக்காய் விக்கிறீங்க?" என்றேன்.

மெனேஜர் தேசிக்காயைத் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, இரண்டு கையாலும் ஏந்தி என்னிடம் கொடுத்து, "இருங்கம்மா" என்று கதிரையைக் காட்டினார். ஃபோம் கிழிந்தது, பரீட்சை தொடங்கியது.

பெரிய சேர் ஆங்கிலத்தில் அச்சடித்த தாளைப் பார்த்துக் கேட்க, மெனேஜர் தமிழாக்கினார்.

"கோவமா வாற கஸ்டமர எப்புடி சமாளிப்பீங்கன்னு கேக்குறாரு."

"கோயில் அன்னதானத்துல வருசா வருசம் பரிமாறுறேன் சேர். வரிசையில நின்ன சனத்துக்கிட்ட வடை முடிஞ்சி போச்சின்னு நான்தான் சொல்லுவேன். அதவிட கோவமான ஆளுங்க ஒங்க கடைக்கு வர மாட்டாங்க."

மெனேஜர் அதைச் சொன்னதும் பெரிய சேர் முதல் தடவையாகச் சிரித்தார். தாளில் ஏதோ நீளமாக எழுதினார். அதைப் பிற்பாடு மெனேஜர் எனக்குச் சொன்னார்: "நெருக்கடி முகாமைத்துவத்தில் அனுபவம் உள்ளவர்."

எழுதி முடித்ததும் பெரிய சேர் நியமனக் கடிதத்தை என் பக்கம் தள்ளி, பேனையையும் நீட்டினார். மணி பதினொன்று ஐந்து. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன், மெனேஜரும் பார்த்தார்.

"சேர், இவங்க ஆற அமர வாசிச்சிட்டு பன்னெண்டுக்குப் பொறகு சைன் வைக்கட்டுமே," என்று சிங்களத்தில் சொன்னார் மெனேஜர். தனக்கு அதுவரை நேரமில்லை, பதினொன்றரைக்குப் பல்லேகலவில் அடுத்த கிளையில் இருக்க வேண்டும் என்றார் சேர். கடிதத்தில் குத்தும் சீல் அலுமாரிக்குள் இருக்கிறது, சாவியைக் காணவில்லை என்று மெனேஜர் மேசை லாச்சிகளை ஒவ்வொன்றாக இழுத்தார். பெரிய சேர் எழுந்துபோய் அலுமாரியை இழுத்தார். அது பூட்டியே இருக்கவில்லை.

இனி யாரும் எனக்காக நேரத்தை இழுக்க முடியாது. படுத்திருக்கும் மனிதரின் முகம் கண்ணுக்குள் வந்தது. கண்ணை மூடி, "விநாயகா, நல்ல நேரமும் உன்னுது, இந்த நேரமும் உன்னுதுதானே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மரக்கறிப் பகுதி, திங்கட்கிழமையிலிருந்து.

உப்புக்குப் பணம் கட்டிவிட்டு வெளியே வந்து, எதிர்ப்பக்கம் நின்றவர்களிடம், "கொழும்பு சேர் இப்ப கெளம்புறாரு, போறதுன்னா ஓடுங்க" என்றேன். இரண்டு பேர் ஓடினார்கள். மற்றவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

பதினொன்று இருபதுக்கு ஃபோன் அடித்தது. வீட்டுக்காரர். எடுத்தால் முதல் கேள்வி வேலை, இரண்டாவது கேள்வி நேரம். எடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் வாங்குப் பலகையில் உட்கார்ந்து அது அடித்து ஓய்வதையும் திரும்ப அடிப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம், இடுப்பைத் திருப்ப முடியாத மனிதர், எத்தனை தடவை அழுத்தியிருப்பார். பன்னிரண்டு ஐந்துக்கு எடுத்தேன்.

"என்னடி, உசிரே போயிருச்சி எனக்கு! கெடச்சிச்சா இல்லியா?"

"கெடச்சிருச்சிங்க."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "சைன் எத்தன மணிக்கி வச்ச?" என்றார்.

"இப்பத்தான்," என்றேன்.