கரடிக்கு முதுகு காட்டாதவர்

அவரை எல்லோரும் கரடியார் என்றுதான் சொல்வார்கள். மிருகக்காட்சி சாலையில் கரடிக் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். முகமும் கொஞ்சம் அப்படித்தான் என்பாள் அவர் மனைவி. கூண்டுக்குள் போனால், வெளியே வரும்போது கரடியைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து வருவார். விலங்குக்கு முதுகு காட்டக் கூடாது என்பது அந்த வேலையின் முதல் பாடம். பழக்கதோஷத்தில் மேலதிகாரி அறையிலிருந்தும் அப்படியே வெளியே வந்து, ரொம்பப் பணிவானவர் என்று பெயர் வாங்கிவிட்டார்.

கரடியைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அதற்கு இடது கண்ணில் பூ விழுந்து, பல்லெல்லாம் கொட்டிப்போன காலத்தில் பழத்தைப் பிசைந்து ஊட்டியவர் இவர். மகள் கல்யாணத்துக்கு விடுப்பில் போயிருந்த நேரம் பார்த்துத் தம்பி செத்துப்போனது. கூண்டுக்குப் பின்னால் புதைத்துவிட்டோம் என்று ஒரு மண்மேட்டைக் காட்டினார்கள். கடைசியாக முகம் பார்க்கவில்லையே என்ற குறை அவரை அரித்துக்கொண்டே இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அந்த மேட்டருகே போய் உட்கார்ந்துவிட்டு வருவார்.

போன மாதம் மழைக்கு ஒதுங்க இடம் தேடி, மனைவியின் தம்பி அவரை அருங்காட்சியகத்துக்குள் இழுத்துப் போனான். பதப்படுத்திய விலங்குகளின் கூடம். ஒரே மருந்து வாடை. மைத்துனன் மானையும் விடவில்லை, கழுகையும் விடவில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிண்டல். கடைசியில் ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று சத்தம் போட்டான்.

"மச்சான், ஓடி வாங்க! உங்க தம்பி நிக்கிறாரு. எனக்கு என்ன முறைன்னு கேட்டுச் சொல்லுங்க!"

கரடியார் சிரித்துக்கொண்டே போனார். பின்னங்காலில் நிமிர்ந்து, வாயைப் பிளந்து நின்றது ஒரு கரடி. பற்கள் மின்னின. கண் இரண்டும் பளிச்சென்று இருந்தன. ஏதோ முரட்டுக் கரடி என்று நகரப் பார்த்தவர் காதைக் கவனித்தார். வலது காதின் நுனி இரண்டாகப் பிளந்திருந்தது. கூண்டுக் கதவில் மாட்டிக் கிழிந்த காது அது. களிம்பு தடவியவரே அவர்தான். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதறிப்போய் முன்காலைப் பார்த்தார். தம்பிக்கு எப்போதோ விழுந்துபோன நடு நகம் அங்கேயும் இல்லை.

"இது எங்கேருந்து வந்துச்சு?" என்று காவலரைக் கேட்டார்.

"மிருகக்காட்சி சாலையிலேருந்து ஐயா. தோல் மட்டும் குடுத்தாங்க. உள்ள பூரா கம்பியும் பஞ்சும்தான். கண்ணு, பல்லு எல்லாம் நாங்க வெச்சது. பயமா இருந்தாத்தானே ஜனங்க நின்னு பாப்பாங்க?"

"மிச்சம்?"

"அதை அங்கேயே புதைச்சுட்டாங்களாம்."

யாரும் பொய் சொல்லவில்லை. பாதியை விழுங்கிவிட்டார்கள், அவ்வளவுதான்.

"அடப்பாவிகளா!" என்று வாய்விட்டுக் கத்தினார் கரடியார். "இத்தனை மழையிலயும் தோலில்லாமயா கிடந்தான்?"

"வாங்க மச்சான், போயிடலாம்" என்று மைத்துனன் கையைப் பிடித்தான்.

அவர் வழக்கம்போலப் பின்பக்கமாக நடக்கத் தொடங்கினார். கண்ணாடிக் கண்கள் அவர் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்தன. சட்டென்று நின்று, ஆயுசில் முதல் தடவையாக அதற்கு முதுகைக் காட்டித் திரும்பினார். பிடரி கூச, கொஞ்ச நேரம் அப்படியே காத்திருந்தார். பின்னால் ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"செத்துத்தான் போயிட்டான்டா" என்று மைத்துனனின் தோளில் சாய்ந்து அழுதார்.