வைக்கோல் கன்றின் பங்கு

ஸ்ரீரங்கத்தில் வக்கீல் சேஷுவிடம் நான் குமாஸ்தா. கட்சிக்காரர்கள் அழுவதைப் பார்த்துப் பார்த்து மனசு மரத்துப்போன ஆள். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்ட நானே இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் வரும் அம்மாவின் உண்மைப் பெயர் ரெங்கம்மாள் இல்லை. ஏன் மாற்றினேன் என்பது கடைசியில் தெரியும்.

ஸ்ரீரங்கத்தை ஒட்டிய மேலூரில் ரெங்கம்மாளுக்குக் கொஞ்சம் வாழை நிலம் இருந்தது. புருஷன் இறந்தபிறகு பாதியை விற்று மகளைக் கட்டிக்கொடுத்தாள். மிச்சப் பாதியின் ஓரத்தில் ஒரு கொட்டகை, அதில் மூன்று மாடுகள். விற்ற பாதியில் அடுக்குமாடி எழும்பியது. குடிவந்தவர்கள் முதலில் கறந்த பாலுக்கு ஆசைப்பட்டு சொம்போடு வந்து நின்றார்கள். அப்புறம் சாணி நாற்றம், ஈ, கொசு என்று அவர்களே மனு எழுதினார்கள். மனுஷ ஜாதியே இப்படித்தான். குடியிருப்புப் பகுதியில் மாட்டுக்கொட்டகை கூடாது, பிரிக்காவிட்டால் மாடுகளைப் பிடித்துக்கொண்டு போவோம் என்று மாநகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது.

"மாடு போச்சுன்னா நான் எதுக்குங்க இருக்கணும்?" என்று சொல்லிக்கொண்டேதான் எங்கள் ஆபீஸ் படி ஏறினாள்.

சேஷு சார் கோர்ட்டுக்குப் போனார். நிலம் இன்னமும் நஞ்சை என்றுதான் பதிவாகியிருக்கிறது, விவசாய நிலத்தில் மாடு வளர்ப்பதை இந்த விதி தடுக்காது என்று வாதாடினார். நோட்டீசுக்குத் தடை கிடைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை. வழக்கு முடியும்வரை மாடோ கன்றோ, புதிதாக ஒரு உருப்படிகூட கொட்டகைக்குள் வரக்கூடாது. வந்தால் தடை ரத்து. கொட்டகையை நேரில் பார்த்து அறிக்கை கொடுக்க சுப்ரஜா என்ற இளம் வக்கீலைக் கோர்ட் நியமித்தது.

இதற்கிடையில் ரெங்கம்மாளின் செவலைப் பசு ஈன்றிருந்த கன்று கழிச்சல் கண்டு செத்துப்போனது. மாட்டு டாக்டர் வந்து பார்த்து எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். கன்று இல்லாமல் செவலை பாலை இறக்கவில்லை. ரெங்கம்மாள் மாடு வைத்திருப்பவர்கள் செய்வதைத்தான் செய்தாள். செத்த கன்றின் தோலை உரித்து, உப்புப் போட்டுக் காயவைத்து, வைக்கோல் திணித்துத் தைத்துக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். செவலை அதை நக்கிக் கொடுத்தது. பால் இறங்கியது.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. நாலு காம்பில் மூன்றைக் கறந்துகொண்டு ஒன்றைக் கன்றுக்கென்று விட்டுவிடுவாள். வைக்கோல் கன்றுக்கும் அப்படியே விட்டாள்.

"ஏம்மா, வைக்கோல் பால் குடிக்குமா?" என்று கேலி செய்தேன்.

"குடிக்காதுதாங்க. ஆனா கன்னு இல்லேன்னு செவலைக்குத் தெரியக் கூடாதுல்ல?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கறக்காம விட்டா மடி கட்டிக்கணும். கட்டலைங்க. காலையில பாத்தா வத்திக் கெடக்கு" என்றாள்.

மாடே திரும்பிக் குடித்திருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்படிக் குடிக்கும் மாடுகள் உண்டு.

சுப்ரஜா வந்த அன்று சாயங்காலக் கறவை நடந்துகொண்டிருந்தது. நான் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தேன். கறக்காத காம்பைக் காட்டி, அது ஏன் என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். "அது கன்னுக்குங்க" என்று ரெங்கம்மாள் பழக்கதோஷத்தில் சொல்லியிருக்கிறாள். அறிக்கை வந்தபோது எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பசு மூன்று, பால் குடிக்கும் கன்று ஒன்று, கன்று நலமாக இருக்கிறது.

எதிர்த்தரப்பு விடுமா? கன்று செத்ததற்கு டாக்டர் சான்று இருக்கிறது, அப்படியானால் இது புதிய உருப்படி, தடையை ரத்து செய்யுங்கள் என்று எகிறியது. சேஷு சார் சுப்ரஜாவை அழைத்துப் பேசினார்.

"அது வைக்கோல் கன்னும்மா. அந்த அம்மா வாய்தவறி சொல்லிட்டா."

"அவா சொன்னதை வச்சு மட்டும் நான் எழுதலை சார். என் கண்ணால பார்த்தேன். வாலை ஆட்டிண்டே குடிச்சுது." அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. "உள்ள வைக்கோல்தான்னு பிரிச்சுக் காட்டினா மாத்தி எழுதறேன்."

மறுபடியும் எல்லோரும் மேலூருக்குப் போனோம். ரெங்கம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"கன்னு செத்ததைச் செவலை ஒரு தடவை பாத்துருச்சுங்க. மறுபடியும் அது கண்ணு முன்னாடி கொல்லச் சொல்றீங்களே!"

"பிரிக்கலேன்னா மூணு மாடும் போயிடும், ரெங்கம்மா" என்றார் சேஷு சார். அவருக்கும் குரல் இறங்கிவிட்டது.

செவலையை அவளே ஓட்டிப்போய் வாழைக்கு நடுவே கண்மறைவாகக் கட்டிவிட்டு வந்தாள். யாரையும் தொடவிடாமல் அரிவாளை எடுத்துத் தையலில் வைத்தாள். வைத்ததுதான் தாமதம், வாழைக்குள்ளிருந்து செவலை அலறியது. அப்படி ஒரு அலறலை நான் கேட்டதில்லை.

காய்ந்த வைக்கோல் கொட்டியது. சுப்ரஜா குனிந்து உள்ளே கைவிட்டாள். வயிற்றுப் பக்கம் வைக்கோல் ஈரமாக இருந்தது. விரலை வெளியே எடுத்தபோது அதிலிருந்து பால் சொட்டியது. நானும் தொட்டுப் பார்த்தேன். கறந்த சூடு ஆறவில்லை. அவள் துப்பட்டாவில் கையை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "வைக்கோல் மட்டும்" என்று எழுதினாள். திரும்பும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

வழக்கு ஜெயித்தது. இருக்கிற மாடுகளோடு கொட்டகை இருக்கலாம், எண்ணிக்கை கூடக் கூடாது என்று தீர்ப்பு. ஆனால் வைக்கோல் கன்றைப் பிரித்த அன்றிலிருந்து செவலை பாலை இறக்கவில்லை, தீனியும் எடுக்கவில்லை. "கேஸ்ல ஜெயிச்சு கன்னைக் கொன்னுட்டேன்" என்று ரெங்கம்மாள் போனில் அழுதாள்.

தீர்ப்பு நகலைக் கொடுக்க ஒரு சாயங்காலம் போனேன். கொட்டகை வாசலில் கால் நின்றுவிட்டது. செவலை வெறும் காற்றை நக்கிக்கொண்டிருந்தது. கழுத்து, முதுகு, வால் என்று கன்று உயரத்தில் அதன் நாக்கு நிதானமாகப் போய்வந்தது. ரெங்கம்மாள் மூன்று காம்பைக் கறந்து முடித்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். நாலாவது காம்பு தானாக இழுபட்டது. அதன் நுனியில் நுரை கட்டியது.

அவள் என்னைப் பார்த்துவிட்டாள். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெளியில சொல்லிடாதீங்க சார். உருப்படி ஒன்னு கூடிருச்சுன்னு மறுபடியும் நோட்டீஸ் விட்ருவாங்க."