இறக்கக்கண்டி வளைவும் உப்புத் தண்ணீரும்

சப்பாத்து நுனியால் அழுத்தினேன். அப்பளம் நொறுங்கினதுபோல ஒரு சத்தம். றோட்டின் கறுப்புத் தோல் உடைந்து உள்ளே வெள்ளைப் பொடி தெரிந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. சுற்றுமுற்றும் பார்த்தேன், ஒருவரும் கவனிக்கவில்லை. காலால் மண்ணைத் தள்ளி அந்த இடத்தை மூடிவிட்டேன்.

ஓய்வுபெறும்வரை தெருவேலையில் டி.ஓ.வாக, அதாவது தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவள் நான். தார்ப்பூச்சு ஏன் கழருது மிஸ் என்று புதிதாக வந்தவர்கள் இப்போதும் கேட்பார்கள். சல்லியில் தூசி இருந்தால் கழரும், தார் ஆறிப்போனால் கழரும், மழை வருமுன் முடிக்க அவசரப்பட்டால் கழரும். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. இந்தக் குறிப்பில் நான் சொல்லப்போவது என் ஒரு சொல்லால் கழன்ற வளைவைப் பற்றி.

1. பௌசர்

நிலாவெளியைத் தாண்டி இறக்கக்கண்டிப் பக்கம், கடலுக்கும் களப்பு என்கிற உப்பங்கழிக்கும் நடுவே போகிற கிளை றோட்டில் ஒரு வளைவு. கோடை உச்சம். அடித்தளமான பேஸ் கல்லைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, றோலரால் இறுக்க வேண்டும். நல்ல தண்ணீர் எடுத்துவர பௌசருக்கு, அதாவது தண்ணீர்த் தாங்கி லொறிக்கு, அரை நாள் பிடித்தது. பௌசர் சாரதி குணம் அண்ணை வந்து நின்றார்.

"மிஸ், இப்பிடி ஓடினா இந்த மாசம் வேலை முடியாது. களப்புக்கரைக் கிணறு பக்கத்திலதானே கிடக்கு. அள்ளட்டே?"

"அது உவர்த் தண்ணியெல்லே?"

"குடிக்கவே போறம்? றோலர் ஓடத்தானே."

கேட்டது அவர் பிழையல்ல. மறுக்க வேண்டியவள் நான். வேலை பிந்துகிறது என்று மேலிடத்திலிருந்து தினமும் போன் வந்துகொண்டிருந்தது. "ஓம், அள்ளுங்கோ" என்றேன்.

பேஸ் சீமெந்துத் தரைபோல இறுகியது. மேலே பிரைம் என்கிற மெல்லிய முதல் தாரை அடித்தோம். இரண்டொரு நாளில் அதன்மேல் தாரும் சல்லியும் போட்டு மூடியிருக்க வேண்டும். சல்லி வரவில்லை. பத்து நாள் வெயிலில் திறந்தே கிடந்தது. வெயில் ஈரத்தை இழுக்க இழுக்க, உள்ளே போன உப்பும் கூடவே மேலே ஏறி, பிரைமுக்கு அடியில் பூத்து, தோலைக் கொப்புளமாகத் தூக்கிவிட்டது. அந்தக் கொப்புளத்தைத்தான் நான் காலால் மூடினேன்.

2. வாய் திறக்காத நாட்கள்

சொல்லியிருந்தால் பேஸையே கிளறி எடுக்கச் சொல்வார்கள். தண்ணீருக்கு ஓம் சொன்னது யார் என்று கேட்பார்கள். மேலே சல்லி விழுந்தால் எல்லாம் அமுங்கிவிடும் என்று எனக்கு நானே பொய் சொல்லிக்கொண்டேன். சல்லி வந்தது, போட்டோம். பார்க்க அவ்வளவு வடிவாக இருந்தது.

அந்த வழியால் ஒவ்வொரு காலையும் ஸ்கூட்டியில் போகிறவர் சுகந்தி. குச்சவெளிப் பக்கத்துக் கர்ப்பிணிகளைப் பார்க்கப் போகும் மருத்துவிச்சி. றோட்டைத் திறந்த அன்று வண்டியை நிறுத்தி என்னைச் சீண்டினார்.

"மிஸ், உங்கட றோட்டில இனிப் பறக்கலாம்!"

"மெல்லப் போங்கோ, பிள்ளை."

"நல்ல றோட்டைப் போட்டிட்டு மெல்லப் போகச் சொல்லுறியளே!"

சிரித்துக்கொண்டே போய்விட்டார். அன்றிலிருந்து போன் அடித்தால் பயம், அம்புலன்ஸ் சத்தம் கேட்டால் பயம். ஏதாவது சாக்குச் சொல்லி ஒவ்வொரு நாளும் வளைவுக்குப் போனேன். முதலில் ஓரம் செதில் விட்டது. பிறகு நடுவில் உள்ளங்கை அளவில் பெயர்ந்தது. கழன்ற சல்லி வழவழப்பான பேஸின்மேல் மணிமணியாக உருண்டு கிடந்தது. நானே தும்புத்தடியால் கூட்டினேன். கூட்டக் கூட்டப் புதிதாகக் கழன்றது.

ஒரு காலை முதல் மழை விழுந்தது. தேத்தண்ணீரை அப்படியே வைத்தேன். பொறியியலாளருக்கு போன் எடுத்தேன்.

"சேர், இறக்கக்கண்டி வளைவை மூட வேணும். பேஸுக்குக் களப்புக்கரைத் தண்ணி ஊத்தினது. நான்தான் ஓம் எண்டனான். பிறகு கொப்புளத்தையும் கண்டனான்."

பொறியியலாளர் கேட்டார்.

"கண்டிட்டும் மேல சல்லி போட்டனீங்களோ?"

"ஓம் சேர். பயந்திட்டன்."

"முதல்ல றோட்டை மூடுங்கோ. மிச்சத்தைப் பிறகு கதைப்பம்."

3. சிவப்புக் கொடி

நான் போய்ச் சேர்ந்து றோட்டை மறிக்க ஒரு பீப்பாயைத்தான் உருட்டி வைத்திருந்தேன். ஒரு பக்கத்தால் ஸ்கூட்டிச் சத்தம், மறுபக்கத்தால் பஸ். சிவப்புக் கொடியைத் தூக்கிக் கத்தினேன். பஸ் நின்றது. சுகந்தி பிரேக் பிடித்தார். ஈரச் சல்லியில் பின்சில்லு இழுபட்டு, வண்டியும் அவருமாகச் சறுக்கி வந்து என் காலடியில் விழுந்தார். ஹெல்மெட் தரையில் மோதிச் சத்தம் எழும்பியது.

அவர் மெல்ல எழும்பி உட்கார்ந்தார். முழங்கால் கிழிந்து இரத்தம் வந்தது. பஸ்ஸைப் பார்த்தார், பிறகு கொடியைப் பார்த்தார். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கடவுள்தான் உங்களை இதில நிப்பாட்டினவர், மிஸ். கொடி காட்டாட்டி நேரா பஸ்ஸுக்குள்ள போயிருப்பன்."

மருந்து கட்டக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டே வந்தார்.

வளைவைக் கிளறி, புதுக் கல் போட்டு, நல்ல தண்ணீரில் இறுக்கி, பிரைம் காய்ந்த கையோடு மூடினோம். அது இன்றும் நிற்கிறது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது நியாயமானது. அதற்குப் பிறகு எந்த பௌசர் வந்தாலும் முதலில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்ப்பேன். சந்தேகம் என்றால் போத்தலில் பிடித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். கடற்கரை றோட்டில் பிரைமைத் திறந்து போட்டுவிட்டுச் சல்லிக்குக் காத்திருக்காதீர்கள். கொப்புளத்தைக் கண்டால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

சுகந்தி இப்போதும் என்னைக் கண்டால் பக்கத்தில் நிற்பவர்களிடம், "என்ரை உயிரைக் காப்பாத்தின மிஸ் இவதான்" என்பார். அந்தச் சல்லி ஏன் கழன்றது என்று அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டு நிற்பேன். இந்தக் குறிப்பு அச்சானதும் முதல் பிரதியை நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுக்கப்போகிறேன். அவர் வாசித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன்.