இருக்கேன் என்று சொன்னவன்

செயின்ட் லூயிஸ் நகரின் வடக்குப் பக்கத்தில் ஏசி ரிப்பேர் செய்து பிழைத்த லெமுவல் டக்கெட்டின் உயரம் ஆறடி ஒன்பது அங்குலம். அதில் அவனுடைய தப்பு எதுவுமில்லை. ஆனாலும் முப்பது வயது வரைக்கும் ஊர் அவனை ஏதோ ஏமாற்றிவிட்டவனைப் போலத்தான் பார்த்தது. எங்கே போனாலும் முதல் கேள்வி, "பேஸ்கட்பால் ஆடுவியா?" என்பதுதான். "இல்லைங்க" என்பான். கேட்டவர் முகம் தொங்கிப் போகும். பள்ளிக்கூடத்தில் படித்தபோது கோச் ஒருவர் ஆசை ஆசையாகக் கூப்பிட்டுப் பந்தைக் கையில் கொடுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள், "இத்தனை வளர்த்தியையும் கொண்டுபோய் உன்கிட்டயா குடுக்கணும் கடவுள்!" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். லெமுவல் அதை வெகுநாள் மறக்கவில்லை.

அப்புறம்தான் ஜவாரி பிக்கெட் வந்தான். ஊர் அணியான பைலட்ஸுக்கு ஆட வந்த இருபத்திரண்டு வயதுக்காரன். அதே ஆறடி ஒன்பது அங்குலம், அதே அகன்ற நெற்றி, முன்பல் இரண்டுக்கும் நடுவில் அதே சந்து. அந்த மாதமே பெட்ரோல் பங்கில் ஒருவர் லெமுவலின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "நான் அவரில்லைங்க" என்றான் இவன். "சரி சரி, நான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்" என்று கண்ணடித்துவிட்டுப் போனார் அவர். எட்டு வருஷம் இதே கதைதான். மறுத்தால் அடக்கம் என்றார்கள். கையெழுத்துக் கேட்டால் தன் பெயரையே எழுதிக் கொடுப்பான். பெரிய ஆட்களின் கையெழுத்து என்றைக்குப் புரிந்திருக்கிறது என்று அதையும் சட்டம் போட்டு மாட்டினார்கள். ஊரார் ஒன்றை நம்புவது என்று முடிவு செய்துவிட்டால் சம்பந்தப்பட்டவனே வந்து சொன்னாலும் எடுபடாது.

வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான், நடை. பிக்கெட் பாதத்தை லேசாக உள்பக்கம் திருப்பி, பூனை மாதிரி விரலூன்றி நடப்பான். லெமுவலுக்குக் குதிகால்தான் முதலில் விழும், மூட்டையை இறக்கிப் போட்டாற்போல. வீட்டு முன்வாசலில் ஐந்து மரப்படிகள். இரண்டாவது படி அதிரும்போதே அவன் மனைவி மர்வெட்டா அடுப்படியிலிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், "வந்துட்டியா லெம்" என்று குரல் கொடுப்பாள். அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். முதுகுக்குப் பின்னால் யார் என்ன செய்கிறார்கள் என்பதைச் சத்தத்திலேயே சொல்லிவிடுவாள்.

"உன் மூஞ்சியைப் பாத்து ஊரு ஏமாறலாம். நடந்தீன்னா மாட்டிக்குவே" என்று கேலி செய்வாள்.

இந்த வருஷம் மே மாதம் ப்ளேஆஃப் இரண்டாம் சுற்றில் பைலட்ஸ் வெளியேறியது. சொந்த அரங்கில் ஆறாவது ஆட்டம். ஒரு புள்ளி குறைவு, இரண்டு வினாடி பாக்கி, பிக்கெட் கையில் இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒன்று போட்டால் சமன், இரண்டும் போட்டால் வெற்றி. முதல் பந்து வளையத்தின் விளிம்பில் பட்டு வெளியே போனது. இரண்டாவதை அவன் எறிவதற்கு முன்பே, வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருந்த லெமுவலுக்கு வலது கை மணிக்கட்டு வரைக்கும் மரத்துப் போயிற்று. "போச்சு" என்றான். பந்து அதற்குப் பிறகுதான் கிளம்பியது. மர்வெட்டா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

ஜூன் கடைசி நாளோடு பிக்கெட்டின் ஒப்பந்தம் முடிகிறது. அதற்குமேல் எந்த ஊர் அணியும் அவனைக் கூப்பிடலாம், அவனும் எங்கு வேண்டுமானாலும் போகலாம். இருப்பீர்களா என்று கேட்ட பத்திரிகைக்காரர்களிடம், "பாப்போம்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போனான்.

ஆட்டம் தோற்ற அதே வாரம்தான் பதின்மூன்று வருஷமாக மண்ணுக்குள் கிடந்த சில்வண்டுகள் மேலே வந்தன. மரம், வேலி, விளக்குக் கம்பம், எங்கும் அவை கழற்றிப் போட்ட கூடுகள். கண், கால், நகம் எல்லாம் அப்படியே இருக்கும். முதுகு மட்டும் கீறியிருக்கும், உள்ளே ஆள் இருக்காது. பகல் முழுக்க அவற்றின் இரைச்சல் காதை அறுத்தது.

ஓட்டிஸ் ப்ரூயிட் என்ற கிழவரின் வீட்டு ஏசிக்குள் அந்தக் கூடுகள் போய் அடைத்துக்கொண்டன. ஊரார் மிஸ் ஆர்டெல் என்று கூப்பிடும் அவர் மனைவி போன் செய்து வரச் சொன்னாள். லெமுவல் வேலையை முடித்துவிட்டுக் கை கழுவ உள்ளே போனான். முன்னறையில் ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றைப் போட்டு, மூக்கில் குழாயோடு ஓட்டிஸ் ப்ரூயிட் படுத்திருந்தார். நுரையீரல் சீக்கு. கோடையைத் தாண்ட மாட்டார் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. கட்டிலுக்கு மேலே பிக்கெட்டின் பதினாலாம் நம்பர் ஜெர்சி தொங்கியது.

கிழவர் இவனைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். "ஆர்டெல், இங்க பாரு யாரு வந்திருக்கான்னு! தம்பி, உன்னை ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். போயிடுவியா, இருப்பியா?"

நான் அவரில்லைங்க என்று எட்டு வருஷமாகச் சொன்ன வாய்தான். அன்றைக்கு, "இருக்கேன்" என்றது.

கிழவர் அழுதார். இவன் கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். இரக்கப்பட்டுச் சொன்னதாக லெமுவல் பிற்பாடு மர்வெட்டாவிடம் சாதித்தான். முழுப் பொய். அந்த வார்த்தை வாயில் இனித்தது, அதனால்தான் சொன்னான். பிக்கெட் போய்விட்டால் மறுபடியும் தான் வெறும் நெட்டையன், முகங்கள் மறுபடி தொங்கும் என்ற பயம் அந்த ஃப்ரீ த்ரோ விழாத நிமிஷத்திலிருந்தே கூடவே வந்துகொண்டிருந்தது. ஊருக்குத் தேவை ஓர் ஆட்டக்காரன். இவனுக்கோ தன் முகமே அவனை நம்பித்தான் இருந்தது.

அப்போது அங்கே இருந்த கிழவரின் அண்ணன் மகள் அதை ஊருக்கெல்லாம் போனில் பரப்பினாள். "பிக்கெட் வேஷம் மாத்தி வந்து ஏசி பாத்துட்டுப் போனானாம்" என்று ரேடியோவில் சிரித்தார்கள். இரண்டு நாள் கழித்துச் சிரிப்பு குறைந்தது. லெமுவல் போன இடத்திலெல்லாம் அதே கேள்வி, அவனிடமிருந்தும் அதே பதில். பன்றிக்கறி வாட்டிக்கொண்டிருந்த தெருக்காரர்கள் தட்டை நீட்டி, "எங்களை விட்டுட்டுப் போகாதடா ராசா" என்றார்கள். யாரும் சந்தேகப்படக் கூடாதே என்று நடையையும் மாற்றினான். கராஜில் பழகினான். பாதத்தை உள்ளே திருப்பு, விரலை ஊன்று. நாலே நாளில் கால் தானாகவே அப்படிப் போக ஆரம்பித்தது.

ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது மர்வெட்டா கத்தியும் கையுமாகத் திரும்பினாள். "ஐயோ, நீதானா! சத்தமே வரலை. எவனோ புகுந்துட்டான்னு பதறிப் போயிட்டேன்."

"நான்தான். வேற யாரு?"

"அதான் எனக்கும் தெரியலை" என்றாள்.

ஜூன் மூன்றாம் வாரம் முதலாளி வெர்னெல் ஒரு விலாசம் கொடுத்தான். பணக்காரர்கள் இருக்கும் லடூ பக்கம். கூப்பிட்டவர் பெயர் சொல்லவில்லையாம், டக்கெட்தான் வர வேண்டுமாம். நடுப்பகல். கதவு திறந்தது. லெமுவல் வழக்கம்போலக் கண்ணைத் தாழ்த்தினான். எதிரே ஒரு மார்புதான் தெரிந்தது. நிமிர்ந்தான். நின்றபடி இன்னொரு மனிதனின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"நீதானா?" என்றான் ஜவாரி பிக்கெட்.

வீட்டில் சாமான் எதுவுமில்லை. சுவர்களில் படம் மாட்டியிருந்த இடங்கள் வெளிறித் தெரிந்தன. பேசினால் எதிரொலித்தது.

"ஊரெல்லாம் நான் இருக்கேன்னு சொல்லிட்டுத் திரியற ஆளு நீதானே?"

"மன்னிச்சிருங்க. ஒரு சீக்காளிப் பெரியவரு கேட்டாரு..."

"அட, விடுய்யா. போன வருசம் எனக்கு என்ன ஆச்சு தெரியுமா? மளிகைக் கடையில ஒரு அம்மா என் சட்டையப் பிடிச்சிருச்சு. 'காசு வாங்கிட்டுப் போனியே, ஏசி மறுபடி ஒழுகுது'ன்னு ஒரே சத்தம். நான் பிக்கெட்டும்மான்னேன். 'எவனா இருந்தா எனக்கென்ன, வந்து பாரு'ன்னுது."

"போனீங்களா?"

"போனேன். அவங்க பேஸ்மென்ட்ல ஒரு மணி நேரம் டார்ச்சைப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தேன். எனக்கு என்ன தெரியும்? நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். அப்புறம் வெண்ணெய் கேக் ஒரு துண்டு வெட்டிக் குடுத்துச்சு. பந்தைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை." சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "எட்டு வருசத்துல இந்த ஊருல நான் நிம்மதியா இருந்தது அந்த ஒரு மணி நேரந்தான்."

"நீங்க போறீங்களா, இருக்கீங்களா?" என்று கேட்டான் லெமுவல். அவனும்தான் கேட்டுவிட்டான்.

பிக்கெட் லெமுவலின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "என் நடை உனக்கு வந்திருச்சே" என்றான். "எனக்குத்தான் இப்ப அது வரமாட்டேங்குது. அந்த ரெண்டு பந்து போனதிலேருந்து."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் நடந்தான். குதிகால் முதலில் விழுந்தது. மரத்தரை அதிர்ந்தது, மூட்டையை இறக்கிப் போட்டாற்போல. அந்தச் சத்தம் லெமுவலுக்குத் தெரியும். பதினோரு வருஷமாகத் தன் வீட்டுப் படியில் கேட்ட சத்தம்.

"நீ இரு" என்றான் பிக்கெட், வெளியே பார்த்தபடி. "ஒருத்தன் இருந்தாப் போதும்."

ஜூன் முப்பதாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்குச் செய்தி வந்தது. பிக்கெட் மேற்குக் கடற்கரைக்குப் போகிறான். தெருவில் இரண்டு ஜெர்சிகளைக் கொளுத்தினார்கள். சில்வண்டுகள் அதற்குள் செத்து முடிந்திருந்தன. ஊர் அப்படி ஓர் அமைதியாக இருந்தது.

"அடி விழும்னு பயப்படறியா?" என்றாள் மர்வெட்டா மறுநாள் காலையில். "விழட்டும். பட்டாத்தான் புத்தி வரும். அவன் போயிட்டான்ல, இனிமேலாவது லெமுவல் டக்கெட்டா வீட்டுக்கு வா."

அடி விழவில்லை. அடிக்கவாவது ஆளைப் பார்க்க வேண்டுமே. பெட்ரோல் பங்கில் காசு வாங்கியவன் தலை தூக்கவில்லை. எட்டு வருஷமாக இவனை நோக்கி மேலே ஏறிய கண்கள் எல்லாம் மார்போடு நின்று, ஒரு கம்பத்தைத் தாண்டுவது போலத் தாண்டிப் போயின. ரவியோலிப் பலகாரக் கடையில் பின்னால் நின்றவள் இவனை இடித்துக்கொண்டு முன்னால் போய்ச் சாப்பாட்டுக்குச் சொன்னாள். "நெட்டையா, ஆடுவியா?" என்று கேட்கக்கூட ஒருவருமில்லை.

நேரே ப்ரூயிட் வீட்டுக்குப் போனான். உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்தான்.

"யாரு ஆர்டெல்?" என்றார் கிழவர்.

"ஏசிக்காரத் தம்பி."

"பிக்கெட் போயிட்டான்னு டிவியில சொல்றானுங்க. இங்க வந்து, என் கையைப் பிடிச்சு, இருக்கேன்னு சொன்னாம்ப்பா. சாகக் கிடக்கிறவன்கிட்ட ஒருத்தன் பொய் சொல்லுவானா?"

லெமுவல் கட்டிலோரம் மண்டியிட்டான். "ஐயா, சொன்னது நான். அவரில்லை. என்னை மன்னிச்சிருங்க."

கிழவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா?" என்றார் கடைசியில். "அவன் என்ன உயரம் தெரியுமா உனக்கு? எழுந்திருச்சு நில்லு பாப்போம்."

எழுந்து நின்றான். தலை விட்டத்தை இடித்தது.

"போய்யா" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மிஸ் ஆர்டெல் அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டாள். அவளும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

வீடு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அடுப்படி ஜன்னல் வழியே மர்வெட்டாவின் முதுகு தெரிந்தது. குழாயைத் திறந்துவிட்டு எதையோ கழுவிக்கொண்டிருந்தாள். அவள் ஒருத்தி போதும் என்று நினைத்தான். மனசு நிறைந்து வந்தது. படியேறினான்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாருங்க அது?"

தெரியாதவரிடம் கேட்கிற மரியாதையான குரல். லெமுவல் கீழே குனிந்து பார்த்தான். பாதங்கள் உள்பக்கம் திரும்பி, விரலூன்றி நின்றன. "நான்தான்" என்றான்.

"நான்னா யாருங்க?"

கீழே இறங்கினான். குதிகாலை முதலில் வைத்து மறுபடி ஏறினான். மூட்டை விழுகிற சத்தம் வரவில்லை. மரம் லேசாக முனகியதோடு சரி. இன்னும் ஓங்கி மிதித்தான். அது யாரோ கோபக்காரன் மிதிப்பது போலிருந்தது. மறுபடி இறங்கினான். வலது காலா முதலில், இடது காலா? பதினோரு வருஷம் ஏறிய படிதான். பிக்கெட் இந்நேரம் அந்த மூட்டைச் சத்தத்தோடு மேற்கே ஏதோ ஒரு வீட்டுப் படியில் ஏறிக்கொண்டிருப்பான் என்று தோன்றியது. படிக்கட்டின் கைப்பிடியில் ஒரு சில்வண்டுக் கூடு இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

இடது காலைத் தூக்கினான். உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது. மர்வெட்டா காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.