பாதியில் அணைந்த கற்பூரம்

எண்பதுகளில் டல்லாஸ் பக்கம் நாங்கள் குடியிருந்த ஊரில் மதுக்கடையே கிடையாது. ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு வேண்டாம் என்று வைத்திருந்தார்கள். நம்மூர் மதுவிலக்கு இங்கேயும் இருக்கிறது, இனி கவலையில்லை என்று நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஊர் எல்லையைத் தாண்டினால் பத்தே நிமிடத்தில் கடை.

என் கணவர் குடித்துவிட்டு ஓட்டி லைசென்ஸைப் பறிகொடுத்தபின் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அவரை ஆபீசில் விடுவதற்காகத்தான் கற்றேன். பிறகு பாட்டில் வாங்கி வருவதும் என் வேலையாயிற்று. நான் போகாவிட்டால் அவரே வண்டியை எடுத்துவிடுவார் என்ற பயம். தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் இருக்க, டிக்கியில் அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்துக் கொண்டுவருவேன்.

ஈரல் கெட்டுவிட்டது, இனி ஒரு சொட்டு தொட்டாலும் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்ன வாரம். சனிக்கிழமை காலை கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்யச் சொன்னேன். அவரும் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு வந்து கையை நீட்டினார். "இனிமே நான்" என்று ஆரம்பித்ததுதான் தாமதம், கூரையிலிருந்த புகை அலாரம் வீடே அதிர அலறியது. ஈரத்துண்டைப் போட்டுக் கற்பூரத்தை அணைத்துவிட்டு, நாற்காலிமேல் ஏறி பாட்டரியைக் கழற்றினார். இருவரும் சிரித்தோம். மறுபடி ஏற்ற எனக்குத் தோன்றவில்லை.

அன்று மதியம் ஒரு நண்பர் வீட்டார் வந்திருந்தார்கள். வாடகை வி.சி.ஆரில் ஒரு சிரிப்புப் படம் போட்டோம். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்துக் கதை. கள்ளச்சாராயம் விற்கும் தாதாவின் மனைவி, குழந்தையின் தள்ளுவண்டியில் பாட்டில்களை ஒளித்துத் தள்ளிக்கொண்டு போகிறாள். போலீஸ்காரன் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லிவிட்டுக் குழந்தையைக் கொஞ்சுகிறான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என்ன கெட்டிக்காரி பாருங்க. இவ மட்டும் இல்லன்னா புருஷன் பிஸினஸே க்ளோஸ்," என்றாள் நண்பரின் மனைவி.

நானும் சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் கூசிப்போனேன். என் கணவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். சிரித்த வேகத்தில் டம்ளரிலிருந்த மோர் கார்ப்பெட்டில் சிந்தியது.

குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்பார்கள். எங்கள் வீட்டில் அது சாயங்காலம்வரைகூடத் தாங்கவில்லை. வந்தவர்களின் கார் தெருமுனை திரும்பியதும் ஆரம்பித்தார்.

"நாளைக்கு சண்டே. கடை இருக்காது. ஒரு ட்ரிப் போய்ட்டு வந்துடேன்."

"காலைலதானே சத்தியம் பண்ணீங்க?"

"எங்க பண்ணேன்? அதுக்குள்ள அலாரம் அடிச்சிடுச்சே."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் சிரிப்பே இல்லை. இந்த மனிதர் பிழைக்கமாட்டார் என்று அன்றுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

முடியாது என்றேன். அவர் எழுந்து ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுக்கப் போனார். நான் முந்திக்கொண்டேன். வெளியே வந்து, டிக்கியில் அரிசி மூட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுத்தேன்.