தெருவுக்குள் வந்த வண்டி

ஒரு சட்டைக்கு எந்தத் தையல் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்து, அதற்கேற்ப லைனில் ஆட்களை உட்கார வைப்பதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் வேலை. ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவளுக்கு இந்தப் பனியன் கம்பெனியில் ஆள் சேர்க்கும் பொறுப்பு இல்லை. ஆனால் சேவூரிலிருந்து வந்துகொண்டிருந்த பெண்கள் ஒரே வாரத்தில் மொத்தமாக நின்றுபோனதும், மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "நான் கேட்டா சம்பளம்னு மட்டும் சொல்லுவாங்கம்மா. நீ ஒருக்கா போய்ப் பேசிப் பாரு."

போனவர்களில் ஒருவரை நினைத்துத்தான் நான் ஒப்புக்கொண்டேன். அவர் ஒரு டெய்லர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர்; அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் தளத்தில் அதுவரை பெண் சூப்பர்வைசர் இருந்ததில்லை. அடுத்த மாதம் அந்த அக்காவுக்கு அந்தப் பொறுப்பைத் தருவதாக முடிவாகியிருந்தது. மதிய இடைவேளையில் என்னருகே நின்று, ஒவ்வொரு மணி நேர உற்பத்தியையும் போர்டில் எழுதப் பழகிக்கொண்டும் இருந்தார். இப்போது வேறு கம்பெனிக்குப் போனால் மறுபடியும் புது ஆளாகத் தொடங்க வேண்டும்.

போகும் முன் காரணங்களை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். சம்பளம், போனஸ், ஓவர்டைம், கேன்டீன் சாப்பாடு, லைனில் கேட்கும் திட்டு. ஊருக்குப் போய் ஆட்களை ஏற்றிவரும் கம்பெனி வண்டியைக் கடைசியில் வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த அக்கா வீட்டு வாசலில் நாலைந்து பேர் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் எங்கள் லைனில் இருந்தவர்கள்தான். எனக்கும் ஒரு கை கடலையை அள்ளி வைத்தார்கள். கம்பெனியில் வண்டி ஓட்டத்தை ஏஜென்சிக்குக் கொடுத்த பிறகு, வண்டி தெருவுக்குள் வராமல் மெயின் ரோட்டுக் கைகாட்டியிலேயே நின்று கிளம்பிவிடுகிறது என்று எனக்குத் தெரியும்.

"கைகாட்டிக்கு நடக்கறது அவ்வளவு தூரமாங்க?" என்று கேட்டேன்.

"தூரமெல்லாம் இல்லீங்க," என்றார் ஒருவர். "ஸ்கூல் வேன் வரோணும், புள்ளையை ஏத்தி உடோணும், அப்பறந்தான் நாங்க கெளம்போணும். பழைய டிரைவரு ஊட்டு முன்னால ஆரன் அடிச்சுட்டு நிப்பாருங்க. இவரு போன்ல மேப் பாத்துட்டுப் போயிர்றாரு. மேப்புல எங்க புள்ளைக தெரியாதில்லீங்க."

"தெரிஞ்சாலும் அந்தாளு பிரேக்குல கால் வெக்கமாட்டாரு," என்றார் பக்கத்திலிருந்தவர்.

பழைய டிரைவரை, அவருடைய வண்டியோடு சேர்த்து, வேறொரு கம்பெனி எடுத்துக்கொண்டது. அவர் அதே தெருவில் வந்து ஆரன் அடித்தார். இவர்கள் ஏறிக்கொண்டார்கள். இங்கே பெண்கள் கம்பெனி மாறுவது பெரும்பாலும் இப்படி வண்டி வண்டியாகத்தான். ஒருத்தி மட்டும் பழைய இடத்திலேயே தங்க நினைத்தால், அவள் யாரோடு போய் யாரோடு திரும்புவாள் என்ற கேள்வி வீட்டில் வந்துவிடும்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கடலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சூப்பர்வைசர் ஆகோணும்னு ஆசை இல்லாம இல்லீங்க," என்றார்.

"நம்மளையெல்லாம் வெரட்டறதுக்கு ஆசை பாருங்க இவளுக்கு," என்றார் பக்கத்திலிருந்தவர்.

"வெரட்டுனாத்தான் நீ வேலை செய்வ," என்றார் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவின் மாமியார் உள்ளேயிருந்து வந்து, "சேந்து போறதுன்னாப் போகட்டுங் கண்ணு. தனியா ஒருத்தி வேண்டாம்," என்று என்னிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மேனேஜரிடம் சொன்னேன். "ஆளு வரட்டும், தெருவுக்குள்ள வண்டி உடலாம்," என்றார். வண்டி வரட்டும், வருகிறோம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். ஒரு வாரம் மட்டும் விட்டுப் பார்க்கலாம் என்று கேட்டேன்.

"காலி வண்டியவா ஓட்டறது?"

"காலியா இருக்காதுங்க சார். நான் போயிட்டு வர்றேன்."

மேனேஜர் அரைமனதாகச் சம்மதிக்க, மறுநாள் காலையில் காலி வண்டியிலேயே சேவூர் போனேன். டிரைவர் தெருவுக்குள் திருப்பும்போது முணுமுணுத்தார். ஆரன் அடிக்கச் சொன்னேன், அடித்தார். காத்திருக்கச் சொன்னேன், போனில் நேரத்தைக் காட்டினார். முந்தின நாளே போனில் சொல்லியிருந்ததால் அக்கா சாப்பாட்டுப் பையோடு வந்தார். மாமியார் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்து, நான் இருப்பதைக் கண்டதும், "சாயந்திரமும் நீ வருவியா கண்ணு?" என்று கேட்டார். வருவேன் என்றேன்.

தெருமுனையில் மற்றவர்கள் அந்தப் பழைய வண்டிக்காக நின்றிருந்தார்கள். "ரெண்டு பேருக்கு ஒரு வண்டியாக்கும்? கல்யாணத்துக்குப் போறீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

அக்கா தலையை வெளியே நீட்டி, "பத்திரிகை வெச்சாச்சல்லோ? வந்து சேருங்க," என்றார்.

வேறு யாரும் ஏறாமல் இந்த வாரம் முடிந்தால் நின்றுவிடுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருப்பதை, வண்டியில் போகும்போது சொன்னார்.

வார நடுவில், தெருமுனையில் நின்றவர்களில் ஒருவர் எங்கள் வண்டியில் ஏறினார். பழைய டிரைவரின் வண்டியில் வேறு ஊர் ஆட்களையும் ஏற்றுகிறார்களாம், உட்கார இடமில்லையாம். அடுத்த நாள் அவருடைய ஓரகத்தியும் வந்தார். அதற்கு மேல் யாரும் வரவில்லை. சனிக்கிழமை மேனேஜர், பெரிய வண்டியை எடுத்துவிட்டுச் சின்ன வண்டியை விடுவதாகவும் அது தெருவுக்குள் போய் நிற்கும் என்றும் சொன்னார். மூன்று பேர் இருக்கிறார்களே என்று மாமியாரும் சரி சொன்னார்.

லைனில் காலியான மற்ற இடங்களுக்கு ஹாஸ்டலில் தங்கியிருக்கும் ஒடிசாப் பெண்கள் வந்தார்கள். அவர்களுக்கு வண்டி தேவையில்லை. அவர்களைத் தக்கவைக்க என்ன தேவை என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஹிந்தி கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்கிறேன்.

அடுத்த திங்கட்கிழமை நான் வண்டியில் போகவில்லை. லைன் ஓடத் தொடங்கிய பிறகுதான் அது வந்து சேர்ந்தது. அக்கா, மாதம் பிறந்ததும் கிடைத்த சூப்பர்வைசர் கோட்டைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டே படியேறி வந்தார். "கூட வர்றவ புள்ளைக்குக் காய்ச்சல், மருந்து குடுக்கற வரைக்கும் வண்டிய நிறுத்தி வெச்சமுங்க," என்றார். பிறகு என் கையிலிருந்த மார்க்கரை வாங்கி, முதல் மணி நேரத்தில் குறைந்துபோன எண்ணிக்கையை அவரே போர்டில் எழுதினார்.