பிரெஞ்சு நடிகருக்குத் தமிழ் பேசுகிறவன்

அடுத்தவர் வாயைப் பார்த்தே காலம் தள்ளுகிறவர்களுக்கு, டப்பிங் பேசுகிற என் கஷ்டம் சொல்லாமலே புரியும். நான் திருக்காட்டுப்பள்ளிக்காரன். ஒரு பிரெஞ்சு நடிகரின் படங்கள் தமிழுக்கு வரும்போதெல்லாம் நான்தான் அவர் குரல். அவர் எந்த வேஷம் போட்டாலும் நானும் போட்டாக வேண்டும்.

மூச்சு விடாத மனுஷன்

ஆரம்பத்தில் அவர் காமெடியன். ஒரு காட்சியில் மனைவியோடு மூச்சுவிடாமல் சண்டை போடுகிறார். எழுதிக்கொடுத்த தமிழ் தீர்ந்துவிட்டது, அவர் வாய் நிற்கவில்லை. வேறு வழியில்லாமல், "ஏம்மா, காது கேக்குதா? உன்னைத்தாம்மா!" என்று நானே இட்டு நிரப்பினேன். டப்பிங் டைரக்டர் சிரித்துவிட்டார்.

"பாரிஸ்காரன் தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டுல நிக்கிற மாதிரி கத்துறான். இருக்கட்டும், மாத்தாதீங்க."

அடிதடி

பிறகு அவர் போலீஸ் ஹீரோ ஆனார். ஒரு படத்தில் வில்லன் ஆட்கள் அவரைப் புரட்டி எடுக்கிறார்கள். "ஐயோ! விடு! ஆ!" என்று வீட்டில் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம். என் மனைவி மரியா கையில் பூரிக்கட்டையோடு போய்த் திறந்தாள். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் கட்டையைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"என்ன இருந்தாலும் கட்டின புருஷன்மா. போதும், விட்டுடு."

ஆலங்கட்டி மழை

வயதானதும் திராட்சை விவசாயியாக நடித்தார். "காமெடிக் குரல் இதுக்கு ஒத்துவராது, வேற ஆள் பாக்குறோம்" என்றார்கள். இத்தனை வருஷம் கூடவே வந்த மனுஷனைக் கைவிட மனசு வரவில்லை. ஒரு காட்சி மட்டும் பேசிக்காட்டுகிறேன் என்று கெஞ்சினேன்.

ஆலங்கட்டி மழையில் தோட்டமே அழிந்து கிடக்கிறது. மகள் போனில் கேட்கிறாள். அவர், "எல்லாம் நல்லாருக்கும்மா" என்கிறார். சம்பாப் பயிர் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தபோது, என் அப்பா வரப்பில் நின்றுகொண்டு என் தங்கையிடம் போனில் சொன்ன அதே வார்த்தை. அப்பா சொன்ன மாதிரியே சொன்னேன். சவுண்ட் இன்ஜினியர், முத்துப்பேட்டைப் பெண், ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தாள். அந்த வேஷம் எனக்குத்தான் என்பது அவள் சொன்னதிலேயே தெரிந்துவிட்டது.

"ஒரு நிமிஷம் சார், எங்கப்பாவுக்குப் போன் பண்ணிட்டு வந்துடறேன்."

பந்தியில்

வலங்கைமானில் ஒரு கல்யாணப் பந்தி. "கொஞ்சம் சாம்பார்" என்றேன். பரிமாறியவர் வாளியோடு நின்றுவிட்டார். "அந்தப் பிரெஞ்சுக்காரர் குரலாச்சே!" என்றவர், கண்ணை மூடி இன்னொரு முறை கேட்கச் சொன்னார். கேட்டேன். கண்ணைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மூடியிருந்தப்ப நல்லா இருந்துச்சுங்க."

பிரான்சில் இருக்கும் ஒருவருக்கு இருமல்கூட வரக்கூடாது என்று மாதா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றுகிறவன், இந்தக் காவிரிக் கரையில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.